பொறியின் நாடி அறிந்தவர்

தேனியிலிருந்து கம்பம், கூடலூர் வழியாகச் செல்லும் சாலை, லோயர் கேம்ப்பைக் கடந்ததும் குமுளி மலையில் ஏறத் தொடங்குகிறது. பள்ளத்தாக்கில் எளிதாக ஓடிய மோட்டார் சைக்கிள் இங்கே திணறவேண்டும், ஆயினும் திணறுவதில்லை. எஞ்சினுக்குச் செல்லும் பெட்ரோலின் அளவையும் தீப்பொறி எழும் நேரத்தையும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி நொடிதோறும் திருத்துகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் இப்பணியை மனிதக் கையே செய்தது. அக்கையறிவால் உயர்ந்தவர் ஜி.டி. நாயுடு.

இவர் 1893ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் இவர் மனம் ஒன்றவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் இவரை ஈர்த்தது. அதை வாங்குவதற்காகவே கோவையில் உணவகம் ஒன்றில் வேலை செய்து பொருள் சேர்த்தார். வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அதுவே இவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

அக்கால மோட்டார் சைக்கிள்களின் கைப்பிடியில் சிறு நெம்புகோல்கள் இருந்தன. அவை கலவையில் சேரும் காற்றையும் தீப்பொறியின் நேரத்தையும் மாற்றின. கலவை எரியச் சிறிது நேரம் ஆகும். ஆதலால், பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே தீப்பொறி எழவேண்டும். மிக முந்தினால் எஞ்சின் தட்டும். பிந்தினால் ஆற்றல் குன்றும். ஓசையைக் கேட்டே ஓட்டுநர் நெம்புகோலை நகர்த்தினார்.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கிய நாயுடு, பின்னர்ப் பெரும் போக்குவரத்து நிறுவனத்தை உருவாக்கினார். 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவாவதில் பங்கேற்றார். 1945இல் கோவையில் தொழிற்கல்வி நிறுவனங்கள் தோன்றத் துணைநின்றார். செய்முறையால் படிப்புக் காலத்தைக் குறைக்கலாம் என்ற தம் கருத்து ஏற்கப்படாதபோது, பதவியைத் துறந்தார், கருத்தைத் துறக்கவில்லை. 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார்.

2020இல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகை விதிகளுக்குப்பின், எரிபொருள் பீச்சும் முறை நம் இருசக்கர வாகனங்களில் பரவலாயிற்று. சுழல்வேகம், காற்றழுத்தம், வெப்பம் ஆகியவற்றை உணரிகள் அளந்து கூறுகின்றன. அதற்கேற்பப் பீச்சுமுனை சில மில்லிநொடிகள் திறந்து மூடுகிறது. எனினும், கருவி பின்பற்றும் கணக்கை எஞ்சின்களை ஓட்டிப் பார்த்த மனிதரே வகுத்தனர். மூடிய பெட்டிக்குள் நடப்பது என்னவென்று கேட்கும் மாணவரே நாயுடுவின் வழியில் நடப்பவர்.