பெயரில்லாத கடன்காரர்

மனிதன் மனிதனுக்குப் படும் கடன்களில் பத்திரம் எழுதப்பட்டவை சில, எழுதப்படாதவை பல. பத்திரக் கடனுக்கு நியாயஸ்தலம் இருக்கிறது, வாய்தா இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. ஆனால், தாகத்தால் நாவறண்டு சாகக் கிடந்தவனுக்குத் தண்ணீர் அளித்து உயிர்ப்பித்த அந்நியனுக்கு அவன் பட்ட கடனை எந்தச் சட்டம் வசூலித்துத் தரும்? அப்படிப்பட்ட ஒரு கடனைத் தலையில் சுமந்து, தன் வாழ்நாள் முழுவதையுமே அதற்கு ஈடாக வைத்த ஒரு பிரஞ்சு விமானியின் சரிதத்தை நமது நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

அந்துவான் த ஸாந்த் எக்ஸுபெரி 1900-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி லியோன் நகரில் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயது நிறைவதற்குள் தந்தையை இழந்தார். கடற்படைக் கல்லூரிப் பரீட்சையில் தேறவில்லை. ராணுவ சேவையின்போது விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, 1926-ல் தபால் விமானக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். துலூஸ் நகரிலிருந்து மொராக்கோ வழியாக டாக்கர் வரை கடிதங்களைக் கொண்டு செல்வதே வேலை. பிரஞ்சு ஏகாதிபத்தியம் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளைத் தன்னோடு பிணைத்துக்கொண்ட பாதை அது என்பதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை.

1927-ம் ஆண்டு இறுதியில் அவர் கேப் ஜூபி விமான நிலையத்தின் தலைவராக அனுப்பப்பட்டார். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் ஸஹாரா. அருகே ஒரு ஸ்பானியக் கோட்டை. இயந்திரம் பழுதாகி மணலில் இறங்கிய விமானிகளை மூரிஷ் கூட்டத்தார் சிறைப் பிடிப்பது அந்நாளில் வழக்கம். ஸாந்த் எக்ஸுபெரி அரபு மொழியைச் சிறிது கற்றார். கூட்டத் தலைவர்களோடு அமர்ந்து தேநீர் அருந்தினார். பேச்சினாலேயே பல விமானிகளை மீட்டார். அன்று அவர் உதவி புரியும் நிலையில் இருந்தார். உதவி பெறும் நிலை இன்னும் வரவில்லை.

1930-ம் ஆண்டு ஜூன் மாதம் அவருடைய ஆருயிர் நண்பர் கியோமே, தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையின் பனிக்காட்டில் விமானத்தோடு விழுந்தார். ஸாந்த் எக்ஸுபெரி நாள்தோறும் வானில் பறந்து தேடினார், ஒன்றும் புலப்படவில்லை. கியோமே உறக்கமின்றி, உணவின்றி, பனியில் நடந்தே வந்து, மலைவாசிகளான ஏழைக் குடியானவர்களின் கையில் உயிர் பிழைத்தார். ஆகாயத்திலிருந்து பார்த்த அறிவாளியின் கண்ணுக்கு அகப்படாதவன், தரையில் நின்ற எளியவர் கண்ணுக்கு அகப்பட்டான்!

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதே விதி அவருக்கும் வந்தது. பாரிஸிலிருந்து ஸைகோனுக்கு மிக விரைவில் பறப்பவருக்கு அறிவிக்கப்பட்டிருந்த பரிசுத் தொகையை நாடி, மெக்கானிக் பிரேவோவுடன் புறப்பட்டார். 1935-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி விடியுமுன், சுமார் 19 மணி நேரப் பிரயாணத்திற்குப் பிறகு, நைல் நதிக்கு மேற்கேயுள்ள பாலைவனத்தில் விமானம் மோதி நொறுங்கியது. இருவரும் உயிர் தப்பியதே அதிசயம். ஆனால் தண்ணீர் முழுவதும் மணலில் கொட்டிப் போயிற்று. மிஞ்சியவை சிறிது காப்பி, சிறிது திராட்சை ரசம், ஓர் ஆரஞ்சுப் பழம், கொஞ்சம் பழங்கள், அவ்வளவே. விமானத்தின் இறக்கையில் படிந்த பனித்துளியைக் கந்தையால் துடைத்து, எண்ணெய் கலந்த அந்த நீரைப் பிழிந்து குடித்தனர். கானல் நீரில் ஏரிகளையும் நகரங்களையும் கண்டு ஏமாந்தனர். வியர்வையும் நின்றது, நாக்குத் தடித்தது.

நான்காம் நாள் ஒட்டகத்தின் மேல் ஒரு பெதூயின் வந்தார். இவர்களைக் கண்டார். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. எந்த ஜாதி, எந்த மதம், எந்த ராஜ்யத்தின் பிரஜை என்று விசாரிக்கவில்லை. தோளில் கை வைத்துப் படுக்கச் செய்தார், தண்ணீர் அளித்தார், ஆவலில் அளவு மீறிக் குடித்துவிடாதபடி தடுத்தும் பார்த்துக்கொண்டார். நாகரிகம் அற்றவர் என்று ஐரோப்பா ஒதுக்கி வைத்திருந்த கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். அன்று அந்த மணலில் நாகரிகம் யாரிடம் இருந்தது? பரிசை நாடிப் பறந்த யந்திரத்திலா, கைம்மாறு கருதாது தண்ணீர் ஏந்தி வந்த கையிலா?

1939-ல் வெளியான தம் நூலில் ஸாந்த் எக்ஸுபெரி இதை விரிவாக எழுதினார். பிரஞ்சு இலக்கிய அகாதமி அந்நூலுக்குப் பரிசளித்தது. ஆசிரியர் பெயரை உலகம் அறிந்தது. உயிர் கொடுத்தவரின் பெயர் அந்நூலில் இல்லை. எனினும், அந்த ஒரு முகத்தில் மனித குலம் முழுவதையும் கண்டதாக அவர் நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆகவே, கடனை மனித குலத்துக்கே செலுத்த வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டே யுத்தம் மூண்டது. குண்டு வீசும் விமானத்தில் அல்ல, எதிரியின் நிலைகளை வேவு பார்த்துப் படமெடுக்கும் விமானத்தில் பறந்தார். 1940-ம் ஆண்டு மே மாதம் தீப்பற்றி எரிந்த அர்ராஸ் நகரின் மேல் பறந்து மீண்டார். மூன்று வாரத்தில் தம் படைப் பிரிவின் 23 விமானக் குழுக்களில் 17 அழிந்தன என்று எழுதியிருக்கிறார். பிரான்ஸ் பணிந்த பின் அமெரிக்கா சென்று, 1942-ல் அந்த அனுபவத்தை நூலாக வெளியிட்டார்; ஜெர்மானியர் வசப்பட்டிருந்த பிரான்ஸில் அது தடை செய்யப்பட்டது. 1943-ல் வந்த ‘குட்டி இளவரசன்’ என்ற சிறு கதையும், பாலைவனத்தில் விழுந்த ஒரு விமானியின் கதையே. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் பசியிலும் குளிரிலும் வாடிய தம் யூத நண்பர் லெயோன் வெர்த்துக்கு அதைச் சமர்ப்பணம் செய்தார்.

நியூயார்க்கில் கீர்த்தியோடு அமர்ந்திருக்கலாம். அமரவில்லை. வயது வரம்பைக் கடந்தவர், பல விபத்துக்களில் எலும்பு முறிந்தவர், மன்றாடி மீண்டும் விமானம் ஏறினார். 1944-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி கார்ஸிகா தீவிலிருந்து பிரான்ஸை நோக்கிப் பறந்தவர் திரும்பவில்லை. 1998-ல் மார்ஸேல் கடலில் ஒரு மீனவரின் வலையில் அவர் பெயர் பொறித்த கைச்சங்கிலி சிக்கியது. அப்பகுதிக் கடலடியில் கிடைத்த சிதைவுகள் அவருடைய விமானத்தினுடையவையே என்று 2004-ல் உறுதியாயிற்று.

பாலைவனத்தில் பெற்றதை அவர் கடலில் செலுத்திவிட்டார் என்று நாம் கருதுகிறோம். ஆளும் ஜாதி, ஆளப்படும் ஜாதி என்ற பேதம், தாகம் எடுக்கும் வரைதான். தாகம் எடுத்த பின் உள்ளவர்கள் இருவரே: தண்ணீர் வேண்டுபவன், தண்ணீர் தருபவன். இதை ஓர் ஐரோப்பியருக்குக் கற்பித்த அந்தப் பெயரில்லாத குருவுக்கும், கற்றதை மறவாத அந்தச் சிஷ்யருக்கும் நமது வணக்கம் உரியது.