ஜனாதிபதியின் உடலில் குண்டு தேடிய கிரகாம் பெல்

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் கிரகாம் பெல் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், ஒரு ஜனாதிபதியின் உயிரைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது.

பெல் 1847-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். அண்ணன், தம்பி இருவரையும் காசநோய் கொண்டு போயிற்று. மிஞ்சிய ஒரே மகனுடன் பெற்றோர் 1870-ல் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பிறகு பெல் அமெரிக்கா சென்று, காது கேளாதவர்களுக்குப் பேசக் கற்றுக் கொடுத்தார். 1876-ல் டெலிபோன் பிறந்தது. அப்போது அவருக்கு வயது 29.

முதுகில் பாய்ந்த குண்டு

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரெயில் நிலையத்தில் ஜனாதிபதி கார்பீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். ஒரு குண்டு முதுகில் பாய்ந்து உள்ளே தங்கிவிட்டது. எக்ஸ்ரே இல்லாத காலம். டாக்டர்கள் காயத்துக்குள் விரலை விட்டுத் தேடினார்கள். குண்டு அகப்படவில்லை.

பெல் தாமே உதவிக்கு வந்தார். உதவியாளர் டெயின்டருடன் ஒரு கருவி செய்தார். அதில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் மின்சாரம் விட்டு விட்டுப் பாயும். மற்றதில் டெலிபோன் இணைந்திருக்கும். சுருள்களைச் சரியாக வைத்தால் சத்தமே இராது. உலோகம் பக்கத்தில் வந்தால் சமநிலை கெடும், டெலிபோன் ஒலிக்கும். உள்நாட்டுப் போரில் குண்டு பட்ட பழைய சிப்பாய்களிடம் அதைச் சோதித்தார். பலன் கிடைத்தது.

மெத்தையில் கம்பி!

ஜூலை 26-ல் வெள்ளை மாளிகையில் முதல் முயற்சி பலிக்கவில்லை. ஆகஸ்ட் 1-ல் மீண்டும் தேடினார். ஒலி கேட்டது! ஆனால், ஓர் இடத்தில் அல்ல, பரவலாகக் கேட்டது. பிறகுதான் தெரிந்தது, ஜனாதிபதியின் மெத்தையில் உருக்குக் கம்பி வலை இருந்தது! அதேபோன்ற மெத்தையை வரவழைத்துப் பெல் ஆராய்ந்தார். அதனால் கெடுதல் இல்லை என்றே அவருக்குத் தோன்றியது. கருவியைக் குழப்பியது அந்தக் கம்பிதான் என்று பின்னால் பலர் கருதினார்கள்.

மற்றொரு தடையும் இருந்தது. குண்டு வலப்பக்கம் இருப்பதாகத் தலைமை டாக்டர் பிளிஸ் நம்பினார். தேடலும் அங்கேயே நடந்தது.

இதற்கிடையே ஆகஸ்ட் 15-ல் பெல்லுக்குக் குறைப்பிரசவத்தில் ஆண் குழந்தை பிறந்தது. மூச்சு விடத் திணறி அன்றே இறந்தது. செப்டம்பர் 19-ல் ஜனாதிபதியும் காலமானார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இருந்தது இடப்பக்கம், ஆழத்தில்!

பெல் சோர்ந்துவிடவில்லை. மகனை நினைத்து, மூச்சுத் திணறுவோருக்கு உதவும் உலோகக் கவசம் ஒன்றைச் செய்தார். குண்டு தேடிய சோதனைகளை 1882-ல் அறிஞர்கள் முன் ஒளிக்காமல் எடுத்துரைத்தார்.

கல்லும் பேசும்

அதே தத்துவத்தில் அமைந்த கருவிகளுடன் இன்று ஆஸ்திரேலியாவில் தங்கம் தேடுகிறார்கள். அங்கே இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணும் கல்லும் தங்கம் போலவே ஒலியெழுப்பி ஏமாற்றும். ஆகவே, முதலில் வெறும் மண்ணின் ஒலியை அறிந்து, அதற்கேற்பக் கருவியைத் திருத்திக்கொண்டு தேடுகிறார்கள். தேடும் பொருளை அறிந்தால் மட்டும் போதாது. அது கிடக்கும் இடத்தையும் அறிய வேண்டும்.

பெல் 1922 ஆகஸ்ட் 2-ல் மறைந்தார். அவரை அடக்கம் செய்தபோது, வட அமெரிக்காவின் டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தன.