குழந்தைப் பாட்டில் தொடங்கிய வாழ்வு: திருப்பத்தூர்த் தமிழாசிரியர் மு. வரதராசனார்

ஆய்வுச் சுருக்கம்

மு. வரதராசனார் எழுதிய எண்பதுக்கும் மேற்பட்ட நூல்களுள் முதலாவது, 1939இல் வெளிவந்த ‘குழந்தைப் பாட்டுக்கள்’. வாழ்க்கை வரலாறுகள் ஒரு வரியில் கடந்து செல்லும் இந்நூலை, அவர் திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியராக இருந்த ஆண்டுகளோடு இணைத்து வைத்து அவர் வாழ்வை இக்கட்டுரை நோக்குகிறது. அப்பாட்டுத்துறையை அவர் பின்னர்த் தொடராமையும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மு.வ., குழந்தைப் பாடல், திருப்பத்தூர், ஓசை, எளிய நடை, பாடத்திட்டம்.

முன்னுரை

மு.வ. என்றவுடன் ஆய்வாளர் நினைவில் எழுவன ‘திருக்குறள் தெளிவுரை’, ‘அகல் விளக்கு’, சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வு ஆகியவை. புதின ஆசிரியர், திறனாய்வாளர், மொழியியலாளர், துணைவேந்தர் என அவரைப் பகுத்துக் காணும் ஆய்வேடுகள் பல. குழந்தைப் பாட்டு எழுதிய மு.வ. இப்பகுப்புகளில் இடம்பெறுவது அரிது. நூற்பட்டியலை ஆண்டு வரிசையில் அடுக்கினால் முதலில் நிற்க வேண்டிய நூல், வகை வரிசையில் அடுக்கும்போது புதினங்களுக்கும் கட்டுரைகளுக்கும் பின்னால் போய்விடுகிறது. இவ்வரிசை மாற்றம் சிறியதன்று. ஒருவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பதையே அது மறைத்துவிடுகிறது.

வேலமும் திருப்பத்தூரும்

1912 ஏப்ரல் 25இல் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் முனுசாமி முதலியார், அம்மாக்கண்ணு ஆகியோரின் மகனாகப் பிறந்தவர் மு.வ. இயற்பெயர் திருவேங்கடம், பாட்டனாரின் பெயரான வரதராசன் என்பதே நிலைத்தது. வாலாசாப்பேட்டையை அடுத்த வேலம் அவர் குடும்பத்தின் ஊர். பிற்காலத்தில் ‘அகல் விளக்கு’ புதினத்தின் தொடக்கத்தில் வாலாசாப்பேட்டை இளமை நினைவுகளின் களமாக அமைந்தது இதனால்தான்.

திருப்பத்தூரில் உயர்நிலைக் கல்வி முடித்து, அங்கேயே வட்டாட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சிறிது காலம் பணியாற்றினார். உடல்நலம் குன்றியதால் அவ்வேலையை விட்டு ஊர் திரும்பினார். அந்த நோய் இல்லையேல் தமிழுக்கு ஒரு மு.வ. வாய்த்திருப்பாரா என்பது ஐயமே. முருகைய முதலியாரிடம் தமிழ் பயின்றவர், பின்னர்க் கல்லூரி சேராமல் தாமே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாகத் தேறினார். திருப்பனந்தாள் மடத்தின் 1000 ரூபாய்ப் பரிசு கிட்டியது. அவ்வாண்டிலேயே மாமன் மகள் ராதாவை மணந்தார்; திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியரும் ஆனார். 1939 வரை அங்கேயே இருந்தார்.

ஓசையும் பொருளும்

திருப்பத்தூரை அடுத்துப் பாலாற்றங்கரையில் வாணியம்பாடியும் ஆம்பூரும் உள்ளன. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோல்கள் இப்பகுதியிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து சென்ற காலம் அது. தோல் வணிகர் குடும்பங்களில் உருது, உழவர் குடும்பங்கள் பலவற்றில் தெலுங்கு, ஏனையோரிடம் தமிழ் என மூன்று மொழிகள் ஒரே தெருவில் புழங்கும் நிலம் இது. இன்றும் நிலைமை பெரிதும் மாறவில்லை. ஆம்பூர்ப் பகுதியில் வளர்ந்த இக்கட்டுரையாளர் கண்டறிந்த ஒன்றை இங்குக் குறிப்பிடலாம். தாய்மார் காலையிலேயே காலணித் தொழிற்சாலைக்குப் புறப்பட்டுவிட, குழந்தைகள் பாட்டியரிடமும் அங்கன்வாடியிலும் வளர்வர். வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் குழந்தை அங்கே தமிழை முதலில் ஓசையாகவே எதிர்கொள்கிறது. பாட்டின் பொருள் தெரியுமுன்பே அடியின் முடிவில் வரவேண்டிய சொல்லை அது சரியாகச் சொல்லிவிடும். இயைபு அச்சொல்லைக் கையில் எடுத்துக் கொடுக்கிறது.

எதுகையும் மோனையும் இயைபும் யாப்பிலக்கணத்தில் அணி செய்யும் உறுப்புகளாகப் பயிற்றுவிக்கப்படுகின்றன. குழந்தைப் பாட்டில் அவை நினைவின் கருவிகள். குறுகிய சீர், மீண்டும் வரும் ஒலி, அடிதோறும் நிகழும் ஒரு செயல், எதிர்பாராத ஒரு வேடிக்கை: இவை இருந்தால் மூன்று வயதுக் குழந்தை பாட்டை விடாது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். குழந்தை இலக்கியத்தை ஆராய்வோர் இதைவிட நல்ல தொடக்கப் புள்ளியைத் தேட வேண்டியதில்லை.

வண்ணப் படங்களை அச்சிடுவது பெருஞ்செலவாக இருந்த காலத்தில், இன்றைய படநூலில் ஓவியம் செய்யும் பணியின் பெரும்பகுதியைப் பாட்டே செய்ய வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கெனப் படநூல்களை வெளியிடும் குழந்தைகள் புத்தக அறக்கட்டளை தில்லியில் தொடங்கப்பட்டது 1957இல்தான். பாரதியின் பாப்பா பாட்டு 1915; கவிமணியின் குழந்தைப் பாடல்களும் அடங்கிய ‘மலரும் மாலையும்’ 1938; அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ 1944. இவ்வரிசையில் கவிமணிக்கு மறுஆண்டும் வள்ளியப்பாவுக்கு ஐந்தாண்டு முன்பும் நிற்பது மு.வ.வின் ‘குழந்தைப் பாட்டுக்கள்’. தொல்காப்பியத்தைத் தாமே கற்றுத் தேறிய 27 வயது வித்துவான் ஒருவர், தம் முதல் நூலுக்குரிய வாசகராகக் குழந்தையைத் தேர்ந்தெடுத்தார் என்பது அன்றைய புலமைச் சூழலில் எளிதாக நிகழக்கூடியதன்று.

சென்னைக்குப் பின்

அதே 1939இல் அவர் பச்சையப்பன் கல்லூரி விரிவுரையாளராகச் சென்னை சென்றார். 1944இல் தமிழ் வினைச்சொற்களின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி ஆய்ந்து முதுகலைக்கு நிகரான கீழ்த்திசைப் பட்டம் பெற்றார். 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முனைவர் பட்டம் பெற்ற முதல்வரானார். குழந்தைப் பாட்டு வினைச்சொற்களால் ஓடுவது. அதை எழுதியவர் அடுத்து வினைச்சொல்லை ஆராய்ந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பது பயனற்றதாகத் தோன்றவில்லை.

பாட்டை விட்டாலும் இளையோரை அவர் விடவில்லை. ‘இளைஞர்க்கேற்ற இனிய கதைகள்’ வந்தது. ‘எழுத்தின் கதை’, ‘சொல்லின் கதை’, ‘மொழியின் கதை’ ஆகியவற்றில் மொழிநூற் செய்திகளைக் கதைபோலக் கூறினார். ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ முதலிய கடித நூல்களிலும் எதிரே ஓர் இளையவர் அமர்ந்திருக்கிறார். 1949இல் வந்த குறள் தெளிவுரையின் நடை, வகுப்பில் கடைசி இருக்கை வரை கேட்க வேண்டும் என்று பேசிப் பழகியவரின் நடை. திரு.வி.க.வின் தாக்கத்தால் மட்டும் இந்நடை உருவானதாகக் கூறுவோர், திருப்பத்தூர் வகுப்பறையின் நான்கு ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளவில்லை.

எனினும் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. பின்னாளைய மு.வ.விடம் அறிவுரை வளர்ந்த அளவுக்கு வேடிக்கை வளரவில்லை. அவர் புதின மாந்தர் நெடும்பொழுது அறம் பேசுவர். காரணமின்றிச் சிரிப்பது குறைவு. குழந்தைப் பாட்டுக்கு இன்றியமையாத பொருளற்ற மகிழ்ச்சிக்கு அவருடைய உரைநடையில் இடம் சுருங்கிவிட்டது. 1961 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவர், 1971 முதல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் என அவர் வகித்த பதவிகள், குழந்தை இலக்கியத்தைப் பட்ட வகுப்புக்குரிய பாடமாக நிலைநிறுத்தும் வலிமை உடையவை. அவருடைய மாணவர்கள் பலர் துறைத்தலைவர்கள் ஆயினர். இருந்தும் அத்துறை தமிழ்த்துறைகளின் திண்ணையிலேயே நின்றது. குழந்தைகளுக்காக எழுதித் தொடங்கிய ஒருவரிடம் மட்டுமே இவ்வெதிர்பார்ப்பை வைக்க இயலும் என்பதால் இதைக் குறிப்பிட நேர்ந்தது.

1974 அக்டோபர் 10இல் மு.வ. காலமானார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1989இல், அவர் துணைவேந்தராக இருந்த அதே மதுரைப் பல்கலைக்கழகத்தின் கூட்டம் ஒன்றில் அழ. வள்ளியப்பா எழுந்து, குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்க வேண்டும் என்று கேட்டார். பேசி முடித்து அமர்ந்தவர் மயங்கிச் சாய்ந்து உயிர் நீத்தார்.