மார்க்கோ போலோ கண்ட நீர்நகரம்

இத்தாலி நாட்டின் வெனிஸ், கடற்கழியின் நடுவே எழுந்த நகரம். அங்குத் தெருக்களைப் போலக் கால்வாய்கள் ஓடும். மக்கள் படகுகளிலேயே சென்று வருவர். வணிகத்தால் சிறந்த அந்நகரில் 1254ஆம் ஆண்டளவில் பிறந்தவர் மார்க்கோ போலோ. இளமையிலேயே அவர் தாயை இழந்தார். வணிகத்தின் பொருட்டுக் கீழை நாடுகளுக்குச் சென்றிருந்த தந்தை நிக்கோலோ ஊர் திரும்பியபோது மார்க்கோவுக்கு வயது 15.

1271ஆம் ஆண்டு தந்தையோடும் அவருடைய உடன்பிறந்தார் மாஃபியோவோடும் மார்க்கோ சீனப் பயணத்தைத் தொடங்கினார். பாலைவனங்களையும் பனிமலைகளையும் கடந்து, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளுக்குப்பின் மூவரும் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் அவையை அடைந்தனர். பேரரசரின் தூதர் பலரும் தாம் சென்ற செயலை மட்டுமே கூறித் திரும்புவர். மார்க்கோவோ தாம் சென்ற நாட்டு மக்களின் உணவு, உடை, தொழில், வழக்கம் ஆகிய அனைத்தையும் நினைவில் கொண்டு வந்து உரைப்பார். அதனால் பேரரசர் அவரைப் பல இடங்களுக்கும் அனுப்பினார்.

அவ்வாறு அவர் கண்ட நகரங்களுள் தலைசிறந்தது இன்று ஹாங்சௌ எனப்படும் நகரம். மார்க்கோ அதனைக் கின்சாய் என்று குறிப்பிட்டார். வடக்கே பெய்ஜிங் வரை நீளும் பெருங்கால்வாயின் தென்முனை அதுவே. நகரெங்கும் கால்வாய்கள், அவற்றின் குறுக்கே உயர்ந்து வளைந்த பாலங்கள். பாலத்தின் மேலே வண்டிகளும் குதிரைகளும் செல்ல, கீழே படகுகள் சென்றன. கல்லும் செங்கல்லும் பரப்பிய வீதிகள் மழையிலும் சேறின்றி விளங்கின. சந்தைகளில் மீனும் பழமும் மிளகும் குவிந்திருந்தன. மர வீடுகள் நிறைந்த அவ்வூரில் பாலந்தோறும் காவலர் நின்று, தீப்பற்றினால் ஒலி எழுப்பி மக்களை எச்சரித்தனர். மேற்கு ஏரியில் அழகிய படகுகளை ஓட்டுநர் கோலூன்றிச் செலுத்தினர். கால்வாய் நகரில் பிறந்தவரே இந்நகரைக் கண்டு வியந்து நின்றார்; உலகிலேயே சிறந்த நகரம் இதுவே என்று கருதினார்.

1292ஆம் ஆண்டு, பாரசீகத்திற்கு மணமகளாகச் செல்லும் இளவரசி ஒருத்திக்குத் துணையாக மூவரும் கப்பலேறினர். வழியில் பாண்டிய நாட்டுக் கடற்கரையையும் மார்க்கோ கண்டார். அங்கு முத்துக் குளிப்போரைப் பற்றியும் காயல் துறைமுகத்திற்கு வந்த குதிரைகளைப் பற்றியும் அவர் நூல் விரிவாகக் கூறுகிறது.

24 ஆண்டுகளுக்குப்பின், 1295இல் அவர்கள் வெனிஸ் திரும்பினர். விரைவில் ஜெனோவா நகரத்தாருடன் நடந்த போரில் மார்க்கோ சிறைப்பட்டார். உடனிருந்த ருஸ்டிசெல்லோ என்னும் எழுத்தாளரிடம் அவர் தம் பயணத்தை எடுத்துரைக்க, அது நூலாயிற்று. காகிதப் பணம், எரியும் கருங்கல் போன்ற செய்திகளைப் பலர் நம்ப மறுத்தனர். கின்சாயில் 12,000 பாலங்கள் உள்ளன என்றதும் நகைப்புக்கு உரியதாயிற்று. அந்த எண் மிகையே. ஆயினும் காகிதப் பணமும் நிலக்கரியும் உண்மையே. அவருடன் கப்பலில் வந்தவர்களாக நூல் கூறும் மூன்று தூதர்களின் பெயர்கள், பல நூற்றாண்டுகளுக்குப்பின் பழைய சீன ஆவணம் ஒன்றிலும் காணப்பட்டன.

1324ஆம் ஆண்டு மார்க்கோ இறந்தார். இறக்கும் தறுவாயில், கூறியவற்றைப் பொய்யென ஒப்புக்கொள்ளுமாறு நண்பர்கள் வேண்டினர் என்றும், கண்டவற்றில் பாதியைக்கூடத் தாம் கூறவில்லை என அவர் மறுத்தார் என்றும் ஒரு வழக்கு உண்டு. எண்ணில் அவர் தவறியிருக்கலாம். தம் கண்ணால் கண்டதை மறுக்க அவர் இசையவில்லை. அவர் பிறந்த வெனிஸும், வியந்த மேற்கு ஏரியும் பெருங்கால்வாயும் இன்று உலக மரபுச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன.

சிந்தித்து எழுதுக

1. பிற தூதரிடமிருந்து மார்க்கோ எவ்வாறு வேறுபட்டார்?
2. மார்க்கோ கூறியவற்றுள் மிகை எது? உண்மை எனத் தெளிந்தவை எவை?
3. நீங்கள் வாழும் ஊரைக் காணாத உறவினர் ஒருவருக்கு, அவ்வூரைப் பற்றி மிகைப்படுத்தாமல் பத்து வரிகளில் எழுதுக.