லஸ் வீட்டுப் புல்வெளி

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் மாலை நான்கு மணிக்குமேல் சற்று நின்று பார்த்தால், தம் உயரத்துக்கு நிகரான பைகளைத் தோளில் தொங்கவிட்டபடி சிறுவர்கள் ஆட்டோக்களிலும் இருசக்கர வாகனங்களிலும் விரைவதைக் காணலாம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் பள்ளி மைதானங்கள் பல மாலை வேளைகளில் கட்டணப் பயிற்சியகங்களாகிவிட்டன. மாதக் கட்டணம், சீருடை, காலணி, விடுமுறைக் கால முகாம், போட்டிகளுக்கான பயணச் செலவு என்று பெற்றோரின் கணக்கு நீண்டுகொண்டே போகிறது. அந்தக் கணக்கைத் தாங்க முடியாதவர்களின் பிள்ளைகள், இடம் கிடைத்தால் சோமசுந்தரம் மைதானத்திலும் மெரினா மணலிலும் ஆடுகிறார்கள்.

ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன் இதே லஸ் பகுதியில், இந்தக் கணக்கு முழுவதையும் தன் பெயரில் எழுதிக்கொண்ட ஒருவர் வாழ்ந்தார். மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு என்பது அவரது முழுப்பெயர். சென்னை அவரைப் புச்சி பாபு என்றே அழைத்தது. தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்ற பட்டத்துடன் அவர் பெயர் இன்றும் ஒரு போட்டியின் தலைப்பாக நிலைத்திருக்கிறது. பட்டம் நிலைத்த அளவுக்கு அவர் செய்த காரியம் நினைவில் நிற்கவில்லை.

1868-இல் பிறந்த அவர், தாய்வழிப் பாட்டனாரால் தத்தெடுக்கப்பட்டார். பாட்டனார் வெங்கடசாமி நாயுடு ஒரு துபாஷி. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை அறிந்தவர்களுக்குத் துபாஷி என்ற சொல் புதிதல்ல. ஐரோப்பிய வணிகருக்கும் உள்நாட்டாருக்கும் நடுவில் நின்று மொழியையும் சரக்கையும் கடனையும் கைமாற்றிக் கொடுத்தவர்கள் துபாஷிகள். கோட்டையைச் சுற்றி எழுந்த செல்வத்தில் அவர்களுக்கு நல்ல பங்கு கிடைத்தது. அப்படிச் சேர்ந்த செல்வத்தின் நடுவில், லஸ் பகுதியின் பெரிய தோட்ட வீடு ஒன்றில், தெலுங்கு பேசும் குடும்பத்தில், ஆங்கிலேயச் செவிலியரின் கண்காணிப்பில் அந்தச் சிறுவன் வளர்ந்தான்.

அந்தச் செவிலியர்தான் மாலை நேரங்களில் அவனைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்றவர்கள் என்று சொல்லப்படுகிறது. 1846-இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் சங்கத்தின் மைதானம் அது. உறுப்பினர்கள் அனைவரும் ஐரோப்பியர். வேலியோரம் நின்று அவர்கள் ஆடுவதைப் பார்த்த பையனுக்கு ஆட்டம் பிடித்துப்போனது. பிறகு தானே ஆடத் தொடங்கினார், நன்றாகவே ஆடினார்.

வளர்ந்தபின் அதே மைதானத்தில் அவர் கண்ட இன்னொரு காட்சிதான் அவர் வாழ்வின் திசையை மாற்றியது. ஐரோப்பியர்களை எதிர்த்து ஆட இந்திய அணிக்கு அனுமதி உண்டு. பெவிலியனுக்குள் நுழைய அனுமதி இல்லை. இடைவேளையில் வெள்ளைக்காரர்கள் உள்ளே சென்று மேசையில் உணவருந்த, காலையிலிருந்து அவர்களுக்குப் பந்து வீசியவர்கள் மரத்தடியில் அமர்ந்து சாப்பிட வேண்டும். ஆட்டத்தில் சமம், உணவில் விலக்கு. இதைச் சகித்துக்கொண்டு ஆடியவர்கள் பலர் இருந்திருப்பார்கள். புச்சி பாபுவால் சகிக்க முடியவில்லை.

அவர் மனு எழுதவில்லை, அந்தப் பெவிலியனுக்குள் இடம் கேட்டு நிற்கவும் இல்லை. 1888-இல், இருபது வயதில், இந்தியர்களுக்கென மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினார். கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடைப்பட்ட எஸ்பிளனேடு வெளியில் அதற்கு மைதானம் அமைந்தது. பம்பாயில் பார்சிகள் 1848-இலேயே சங்கம் கண்டு, 1886-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி ஆடித் திரும்பியிருந்த காலம் அது. பம்பாயோடு ஒப்பிட்டால் சென்னை பின்தங்கியே இருந்தது. ஆனால் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. பம்பாயில் பார்சி, இந்து, முகம்மதியர் என்று சமயவாரியாக அணிகள் பிரிந்தன. சென்னையில் எழுந்த சங்கத்தின் பெயரிலேயே இணைவைக் குறிக்கும் ஒரு சொல் இருந்தது.

சங்கம் தொடங்குவது எளிது. ஆட ஆள் வேண்டுமே! அன்று சென்னையில் கிரிக்கெட் மட்டையைத் தொட்டுப் பார்த்த இந்திய இளைஞர்கள் மிகச் சிலர். மட்டை இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். பந்து, கால்காப்பு, கையுறை எல்லாமே கடல் கடந்து வரும் பொருள்கள். ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையன் இவற்றை வாங்குவது என்பது நினைத்துப் பார்க்கவும் முடியாதது. புச்சி பாபு செய்த பெரிய காரியம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. லஸ் வீட்டின் புல்வெளியைப் பயிற்சிக் களமாக்கினார். ஆர்வமும் திறமையும் தெரிந்த இளைஞர்களைத் தேடி அழைத்துவந்தார். மட்டையும் உடையும் தானே கொடுத்தார், தானே நின்று பயிற்றுவித்தார். செலவு அவருடையது. கட்டணம் என்ற பேச்சே எழவில்லை. இன்றைய மொழியில் சொன்னால், திறன் தேடல், பயிற்சியகம், போட்டி அணி ஆகிய மூன்றையும் ஒரு தனிமனிதர் தம் வீட்டு வாசலிலேயே நடத்திக் காட்டினார்.

இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்கக் கால்பந்து ஒரு சான்று. 1994-இல் உலகக் கோப்பையை நடத்திய அந்நாடு, 1996-இல் தொழில்முறை லீகைத் தொடங்கியது. பணத்துக்குக் குறைவில்லை, மைதானத்துக்கும் குறைவில்லை. லட்சக்கணக்கான சிறுவர் சிறுமியர் அங்கே கால்பந்து ஆடுகின்றனர். ஆயினும் 2017 அக்டோபரில் டிரினிடாட் டொபேகோவிடம் தோற்று, 2018 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறாமலே நின்றது அமெரிக்க அணி. அப்போது உரக்க எழுந்த குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அங்கே சிறுவர் சங்கங்களில் சேர்ந்து ஆட ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டும். வசதியுள்ள புறநகர்க் குடும்பங்களின் பிள்ளைகள் கட்டுகிறார்கள். குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகள், கால்பந்தைக் குடும்பச் சொத்தாகவே கொண்டவர்கள், வெளியே நிற்கிறார்கள். 2007-இல் அந்நாட்டுச் சம்மேளனம் தேசிய அளவில் தொடங்கிய பயிற்சியக அமைப்பும், பெருந்தொற்றுக் கால நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி 2020-இல் மூடப்பட்டது. தொழில்முறை அணிகளில் பல தம் பயிற்சியகங்களில் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மையே. ஆனால் அந்த வாசலை எட்டுவதற்குள் பத்து வயதிலேயே பல குடும்பங்கள் களைத்துவிடுகின்றன.

கால்பந்தில் இதற்கு ஒரு மாற்றும் உண்டு. ஒரு வீரர் நாடு விட்டு நாடு அணி மாறும்போது கைமாறும் தொகையில் 5 விழுக்காடு, அவரை இளவயதில் வளர்த்த சங்கங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. பெற்றோரிடம் வாங்காமல், வருங்காலத்திடம் வாங்கும் முறை என்று இதைச் சொல்லலாம். அமெரிக்கச் சிறுவர் சங்கங்களுக்கு அந்தப் பங்கு நெடுங்காலம் எட்டாமலே இருந்தது. வரவு இல்லாத இடத்தில் செலவைப் பெற்றோர் தலையில் கட்டுவது தவிர அவர்களுக்கு வழி தெரியவில்லை.

புச்சி பாபுவுக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. அவரிடம் துபாஷிப் பரம்பரைச் செல்வம் இருந்தது. அதைச் சொல்லும்போதே அவர் முறையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். லஸ் வீட்டுப் புல்வெளிக்கு எந்தெந்தத் தெருக்களிலிருந்து இளைஞர்கள் வர முடிந்திருக்கும்? அக்காலக் கிரிக்கெட்டில் கல்லூரி மாணவர்களும் அரசுப் பணியாளர்களும் வசதியான குடும்பத்தினருமே நிறைந்திருந்தனர். அதே காலத்தில் பூனாவில், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பல்வங்கர் பாலூ என்ற மாபெரும் பந்துவீச்சாளர், தம் அணித் தோழர்களாலேயே பெவிலியனுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, தனியே மண்குவளையில் தேநீர் அருந்த வைக்கப்பட்டார். அங்கே விலக்கியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். சேப்பாக்கத்து மரத்தடியை மறவாமல் எழுதும் நாம், பூனாவின் மண்குவளையையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒரு தனிமனிதரின் கொடை எத்தனை பெரிதாயினும், அவர் கண்ணுக்கு எட்டும் தூரம் வரைதான் அது செல்லும்.

சங்கம் வளர்ந்தது. மரத்தடி அவமானத்துக்கு அவர் தேடிய விடையும் களத்திலேயே உருப்பெற்றது. மெட்ராஸ் கிரிக்கெட் சங்கத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் பார்ட்ரிட்ஜுடன் பேசி, இந்தியர்களும் ஐரோப்பியர்களும் ஆண்டுதோறும் மோதும் மாகாணப் போட்டி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். 1908-இல் முதல் ஆட்டம் முடிவாயிற்று. இருபது ஆண்டு உழைப்பின் விளைவாக, சேப்பாக்கத்தில் இந்திய அணியை அவரே தலைமையேற்று நடத்துவதாக இருந்தது. ஆட்டத்துக்குச் சில நாட்களே இருந்தபோது அவர் காலமானார். அப்போது வயது நாற்பது. ஆட்டம் நிறுத்தப்படவில்லை, அவர் இல்லாமலே நடந்தது. பின்னாளில் பொங்கலை ஒட்டி நடக்கும் வழக்கமாகி, 1952 வரை அந்தப் போட்டி நீடித்தது. சென்னைவாசிகளுக்கு அது பொங்கல் ஆட்டம்.

கொடையாளர் மறைந்தால் கொடை நின்றுபோவது நம் நாட்டில் வழக்கம். இங்கே அவ்வாறு நேரவில்லை. பிள்ளைகள் வெங்கடராமானுஜுலு, பாலையா, ராமசாமி ஆகிய மூவரும் ஆட்டக்காரர்கள். 1909-இல் தந்தையின் பெயரால் ஒரு போட்டி தொடங்கப்பட்டது. உள்ளூர் அணிகளுக்கானதாகப் பிறந்த புச்சி பாபு போட்டி பிற்காலத்தில் அகில இந்தியப் போட்டியாக விரிந்தது. பருவம் தொடங்குமுன் தம் இளைஞர்களைச் சோதித்துப் பார்க்கப் பிற மாநில அணிகள் சென்னையை நாடிவருவதற்கு அது காரணமாயிற்று.

மூவரில் இளையவர், கோட்டா குடும்பத்துக்குத் தத்துப் போன ராமசாமி. தந்தை இறந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. கேம்பிரிட்ஜில் படித்து, 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிசில் இந்தியாவுக்காக ஆடினார். வேளாண்மைத் துறையில் பணியாற்றினார். 1936-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணியில் இடம்பெற்று, மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடினார். தந்தை எந்த வயதில் இறந்தாரோ அதே நாற்பதாம் வயது! 40, 60 என இரு இன்னிங்ஸிலும் ஓட்டங்கள் எடுத்தார். அடுத்த டெஸ்டில் 29, ஆட்டமிழக்காமல் 41. அத்துடன் அவரது டெஸ்ட் வாழ்வு முடிந்தது. இத்தகைய ஒருவருக்கு இருபத்தைந்து வயதில் வாய்ப்புக் கிட்டியிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அப்போது இந்தியாவுக்கு டெஸ்ட் அணியே இல்லை. அவர் முதுமையில், 1985-இல், ஒருநாள் வீட்டைவிட்டுப் போனவர் பிறகு திரும்பவே இல்லை.

புச்சி பாபு விதைத்ததன் அறுவடை 1934 நவம்பர் 4 அன்று ஊரறியத் தெரிந்தது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அன்று சேப்பாக்கத்தில் தொடங்கி, அன்றே முடிந்தது. மைசூர் அணியை ஒரே நாளில் மெட்ராஸ் வீழ்த்தியது. ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அந்தக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன், திருவல்லிக்கேணிக்காரர், தோட்ட வீட்டுப் பிள்ளை அல்லர். அவர் திறமையை அடையாளம் கண்ட ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர், பர்மா ஷெல் நிறுவனத்தில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். கோபாலன் ஹாக்கியிலும் வல்லவர். 1935-இல் தியான் சந்துடன் நியூசிலாந்து சென்று ஆடியவர், அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கைவிட்டு ராமசாமி சென்ற அதே கிரிக்கெட் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி பெர்லினிலிருந்து தங்கத்துடன் திரும்பியது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்டில்கூட வாய்ப்பில்லை.

லஸ் வீட்டுப் புல்வெளியில் தனிமனிதர் தந்தது, கோபாலன் காலத்தில் அலுவலக வேலையாக வடிவம் மாறியது. அடுத்த அரை நூற்றாண்டு சென்னையின் விளையாட்டைத் தாங்கியது அந்த வேலைதான். கிரிக்கெட்டில் மட்டுமன்று, ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கிகள் இல்லையென்றால் சென்னைக் கால்பந்தே இருந்திருக்காது. இந்தியன் வங்கி அணி தேசியக் கால்பந்து லீகில் ஆடிய காலம் ஒன்று இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் சுருங்கச் சுருங்க, அந்தத் தூணும் மெலிந்தது. 2014-இல் பிறந்த சென்னையின் எஃப்.சி. இருமுறை ஐ.எஸ்.எல். பட்டம் வென்றது. அந்த மகிழ்ச்சி, வியாசர்பாடியில் வெறுங்காலுடன் பந்து உதைக்கும் சிறுவனின் மாதச் செலவைக் குறைத்ததா என்பதை அவன் வீட்டில்தான் கேட்க வேண்டும்.

புச்சி பாபு போட்டியும் இடையில் சில ஆண்டுகள் நின்றுபோய், 2023-இல் மீண்டும் உயிர்பெற்றது. 2024-இல் அதன் ஆட்டங்கள் கோவை, சேலம், திருநெல்வேலி, நத்தம் ஆகிய ஊர்களில் நடந்தன. லஸ்காரர் பெயர் தாங்கிய போட்டி, லஸ்ஸைவிட்டு அத்தனை தூரம் போயிருக்கிறது. அதே சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில், நெசவுக்கூலியின் மகனாகப் பிறந்து, டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகி, 2020-இல் இந்திய அணிக்குள் நுழைந்தவர் நடராஜன். 2023-இல் அவர் தம் கிராமத்தில் ஒரு கிரிக்கெட் மைதானத்தைத் திறந்தார். அதை அமைக்க முன்வந்தவரும் அவரேதான்.