பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பட்டறை: ஜி. டி. நாயுடுவின் கதை

கமுதி வட்டாரத்தில் வானம் பார்த்த பூமிதான் அதிகம். முண்டு மிளகாயும் பருத்தியும் நன்றாக விளைந்த வருஷம் பையன் புதுச் சட்டையோடு பள்ளிக்கூடம் போவான். மழை பொய்த்த வருஷம் அவன் படிப்பே ஆட்டம் காணும். இதை உணர்ந்துதான் அவ்வூர் நாடார் வியாபாரிகள் தங்கள் வியாபாரத்திலிருந்து மகமை என்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி, பள்ளிக்கூடங்கள் வைத்து நடத்தினார்கள். அந்தப் பள்ளிகள் இன்றும் அங்கே நடக்கின்றன.

ஆக, கடைக்காரர் பணத்தில் பிள்ளைகள் படிப்பது கமுதிக்குப் புதிய சங்கதி அல்ல. ஆனால், பரீட்சை முடிந்த மறுநாள் பையன் எங்கே போவது? 2016-ம் ஆண்டில் கமுதிக்குப் பக்கத்திலேயே 648 மெகாவாட் சூரிய மின்சார நிலையம் எழுந்தது. யந்திரம் ஊருக்கே வந்துவிட்டது. அதைத் தொட்டுப் பழகிய கை ஊரில் எத்தனை என்பதுதான் கேள்வி.

இதே கேள்வியைச் சுமார் எண்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டவர் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு. தொழிலதிபர் பள்ளிக்குப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது, பட்டறையும் பள்ளிக்கூடமும் ஒன்றாக வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்காக அவர் ஒரு பெரிய பதவியையே உதறினார்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, கோயமுத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். படிப்பு ஏறவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி எறிந்துவிட்டு ஓடியதாகக் கூட ஒரு கதை உண்டு. ஆரம்ப வகுப்புகளோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டார். பிற்காலத்தில் என்ஜினீயரிங் கல்லூரி ஒன்றுக்கு முதல்வராக வரப் போகிறவர் இவர்தான் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கலங்கல் சிரித்திருக்கும்!

வாலிபப் பருவத்தில் அவர் கண்ணில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டது. ரெவினியூ உத்தியோகஸ்தரான ஒரு வெள்ளைக்காரருடையது. 'ரட்ஜ்' என்று பெயர். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் அந்த வண்டி அவரைப் பிடித்துக்கொண்டது. கோயமுத்தூருக்கு நடந்தே போய், ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது 300 ரூபாய். அதைக் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார்.

வாங்கியவர் ஏறி ஊரைச் சுற்றினாரா? அதுதான் இல்லை. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் போட்டார். மறுபடியும் பூட்டினார். அதுதான் அவருடைய பாடப் புத்தகம். நாயுடு பிற்காலத்தில் கல்வியைப் பற்றிப் பிடித்த பிடிவாதமெல்லாம் அந்தக் கழற்றிப் பூட்டியதிலிருந்து வந்ததே என்று எனக்குத் தோன்றுகிறது.

பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். பம்பாய் வரை போய்க் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பினார். பிறகு கோயமுத்தூர் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்ஸே ஒரு பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின்சார மோட்டாரைப் பீளமேட்டில் உருவாக்கினார். பாட்டரியில் ஓடும் சவர யந்திரம், 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ, புதுவகைப் பப்பாளி என்று அவர் கை வைக்காத துறை குறைவு. அவற்றை எல்லாம் சொல்லப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது.

நம் விஷயம் 1945-ல் வருகிறது. யுத்தம் முடிந்த காலம். ஆலைகளும் பட்டறைகளும் பெருகும் கோயமுத்தூருக்குத் தேர்ச்சி பெற்ற ஆட்கள் தேவை. பி. எஸ். ஜி. தர்ம ஸ்தாபனத்தார் 1926-லேயே தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கி வழிகாட்டியிருந்தார்கள். நாயுடுவின் முயற்சியாலும் நன்கொடையாலும் இப்போது ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு என்ஜினீயரிங் கல்லூரியும் பிறந்தன. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஸர் ஆர்தர் ஹோப்பின் பெயரே அவற்றுக்குச் சூட்டப்பட்டது. கல்லூரிக்கு முதல்வர் நாயுடுவே!

அங்கேதான் தகராறு மூண்டது. என்ஜினீயரிங் படிப்புக்கு நான்கு ஆண்டு என்பது சர்க்கார் விதி. அத்தனை காலம் வீண், இரண்டே ஆண்டில் அத்தனையும் கற்றுக் கொடுத்துவிடலாம் என்றார் நாயுடு. அது மட்டுமல்ல. ஒரே நாளில் பல வேளைகளாக வகுப்பு நடத்த வேண்டும், பலதரப்பட்ட மக்களும் வந்து கற்க வேண்டும் என்றும் திட்டம் வைத்தார். பகலில் வேலைக்குப் போகிறவன் மாலையில் படிக்கலாம் அல்லவா? விலை உயர்ந்த யந்திரங்களும் பாதி நாள் சும்மா கிடக்க வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் சர்க்கார் ஏற்கவில்லை. நாயுடு வளையவும் இல்லை. ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

யார் பக்கம் நியாயம்? அணை கட்டுகிறவருக்கும் பாலம் போடுகிறவருக்கும் கணக்கும் பௌதிகமும் ஆழமாக வேண்டும். அதை அவசரத்தில் புகட்ட முடியாது. அந்த மட்டில் சர்க்காரின் தயக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வீட்டில் அடுப்பு எரிய மகனுடைய சம்பளத்தை எதிர்பார்க்கும் தகப்பனுக்கு நான்கு ஆண்டு என்பது ஒரு யுகம். நாயுடுவின் கண் அந்தத் தகப்பன் மேல் இருந்தது. மாலை வகுப்பு யோசனையையாவது ஏற்றிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஜெர்மனியில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு வழி கண்டார்கள். வாரத்தில் சில நாள் தொழிற்சாலையில் வேலை, சில நாள் பள்ளியில் பாடம். கற்கும் காலத்திலேயே பையனுக்குச் சம்பளமும் உண்டு. நம் நாட்டில் 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. தொழிற்சாலைகள் பயிற்சிக்கு ஆள் எடுத்துக்கொண்டு உதவித் தொகை கொடுக்க வேண்டும் என்று அது வகுத்தது. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் மாணவர்களையும் கம்பெனிகளையும் ஒரு பாலத்தில் இணைக்கப் பார்க்கிறது. கமுதிப் பையன் அந்தப் பாலத்தில் ஏறுவதற்குப் பக்கத்திலேயே ஒரு பட்டறையும் வேண்டும். ஆலை நிறைந்த கோயமுத்தூருக்கு இருந்த வசதி அவனுக்கு இல்லை.

நாயுடு 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார். அவர் விட்டு விலகிய கல்லூரி சர்க்கார் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் மாறி, தடாகம் சாலைக்குப் போய்விட்டது. ஆனாலும் அவிநாசி சாலையில் பழைய இடத்துக்கு 'ஹோப் காலேஜ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பஸ் கண்டக்டர் இன்றும் அப்படித்தான் கூவுகிறார். 2025 அக்டோபரில் அந்தச் சாலையின் மேல் பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் திறந்தார்கள். அதற்கு ஜி. டி. நாயுடு பெயர். கீழே கவர்னர் பெயரில் பஸ் நிறுத்தம். மேலே ராஜினாமா செய்தவர் பெயரில் பாலம்!