எட்வர்ட் ஜான் ரௌத்

எட்வர்ட் ஜான் ரௌத் (சனவரி 20, 1831 - சூன் 7, 1907) ஓர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆவார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கணிதத்தில் தனிப்பயிற்சி அளித்தவர்களுள் இவர் மிகவும் புகழ்பெற்றவர். இயக்கத்தின் உறுதிநிலை பற்றிய ஆய்வுக்காகவும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

கனடாவின் கியூபெக் நகரில் பிறந்த ரௌத், 11ஆம் வயதில் இங்கிலாந்து சென்றார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அகஸ்டஸ் டி மார்கனிடம் கணிதம் பயின்றபின், 1850இல் கேம்பிரிட்ஜின் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1854ஆம் ஆண்டு கணித டிரைப்போஸ் தேர்வில் இவர் முதலிடமும், இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல் இரண்டாமிடமும் பெற்றனர். 1864இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரியின் மகள் ஹில்டாவை மணந்தார்.

தனிப்பயிற்சியின் தேவை

ரௌத் எழுதிய டிரைப்போஸ் தேர்வு 8 நாட்கள் நடைபெற்றது. 16 வினாத்தாள்களில் 211 வினாக்கள் இருந்தன. தேறியவர்களின் பெயர்கள் தகுதி வரிசையில் வெளியிடப்பட்டன. முதலிடம் பெற்றவர் 'சீனியர் ராங்லர்' எனப்பட்டார். பேராசிரியர்களின் விரிவுரைகள் இத்தேர்வுக்கு நேரடியாக உதவவில்லை. கல்லூரி வகுப்புகளில் திறமையில் பெரிதும் வேறுபட்ட மாணவர்கள் ஒன்றாக அமர்ந்தனர். எனவே உயரிடம் பெற விரும்பியோர், கல்லூரிக் கட்டணத்துக்கு மேலாகச் செலவிட்டுத் தனி ஆசிரியர்களை நாடினர். ரௌத்தும் மாணவராக இருந்தபோது ஐசக் டாட்ஹண்டர், வில்லியம் ஹாப்கின்ஸ் ஆகியோரிடம் இவ்வாறே பயின்றார்.

பயிற்சி முறை

1855 முதல் 1888 வரை சுமார் 600 மாணவர்கள் ரௌத்திடம் பயின்றனர். அவர்களுள் 25க்கும் மேற்பட்டோர் சீனியர் ராங்லர் ஆயினர். மாணவர்களைத் திறமைக்கேற்பச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கற்பித்தார். தமது கையெழுத்துக் குறிப்புகளை மாணவர்கள் படியெடுத்துக்கொள்ள வைத்தார். வாரந்தோறும் கணக்குகள் கொடுத்துத் திருத்தி, மதிப்பெண்களை அனைவரும் காணுமாறு வெளியிட்டார். இதனால் ஒவ்வொருவரும் தம் நிலையைத் தேர்வுக்கு முன்னரே அறிய முடிந்தது.

ராலே பிரபு, ஜோசப் லார்மர், ஜெ. ஜெ. தாம்சன், ஆல்பிரட் நார்த் வைட்ஹெட் ஆகியோர் இவரது மாணவர்களுள் சிலர்.

ஆய்வுகள்

ஓர் இயக்கம் சிறிது குலைக்கப்பட்டால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புமா என்பதை, சமன்பாட்டின் மூலங்களைக் காணாமல் அதன் கெழுக்களைக் கொண்டே அறியும் முறையை ரௌத் கண்டார். இந்த ஆய்வுக்காக 1877இல் ஆடம்ஸ் பரிசு பெற்றார். பின்னர் 1895இல் அடோல்ஃப் ஹுர்விட்ஸ் இதற்கு இணையான முடிவைத் தனியாகக் கண்டார். ரௌத்-ஹுர்விட்ஸ் கட்டளை விதி எனப்படும் இது கட்டுப்பாட்டுப் பொறியியலில் பயன்படுகிறது.

மதிப்பீடு

தனிப்பயிற்சி தேர்வுக்கான வேகத்தையே வளர்த்தது, புதியன தேடும் ஆர்வத்துக்கு இடமளிக்கவில்லை என்ற குறை கூறப்பட்டது. செலவிட இயலாத மாணவர்களுக்கு இவ்வுதவி எளிதில் கிட்டவில்லை. எனினும் ரௌத்தின் மாணவர் பலர் சிறந்த ஆய்வாளர்களாயினர். தகுதி வரிசை வெளியிடும் வழக்கம் 1909ஆம் ஆண்டுடன் முடிவுற்றது. தனி ஆசிரியர்களின் இடத்தைக் கல்லூரிகளே நடத்தும் சிறுகுழுக் கற்பித்தல் பெற்றது.